தொரப்பள்ளியிலிருந்து வெள்ளை மாளிகைக்கு

பாகலூர்ப் பக்கம் நாலு வருஷம் படித்தவனுக்கு எல்லை என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டீக்கடையில் தமிழில் ஆரம்பித்த பேச்சு தெலுங்கில் நடந்து கன்னடத்தில் முடியும். மொட்டை மாடியில் நின்று போன் பேசினால் பக்கத்து மாநிலத்து டவர் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் காவிரிப் பிரச்சினை வந்துவிட்டால் போதும், அத்திப்பள்ளியோடு பஸ் நின்றுவிடும். நேற்று வரை சும்மா கடந்துபோன இடத்தில் இன்று போலீஸ் நிற்கும்.

இந்தக் கோடு தானாக வந்ததில்லை, நண்பர்களே. 1792-ல் திப்பு சுல்தான் மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை செய்துகொண்டபோது ராஜ்யத்தில் பாதி போனது. கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமஹால் அப்படித்தான் கம்பெனிக்காரன் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799-ல், திப்பு மாண்ட பிறகு வந்தது. நாம் படித்த மண்ணே போரும் பேச்சுவார்த்தையும் சேர்ந்து வரைந்த வரைபடத்தில்தான் இருக்கிறது.

மலருக்குக் கட்டுரை கேட்டபோது மெஷின் டிசைன் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு நம் பேட்சில் நிறைய ஆள் இருக்கிறார்கள். அதைவிட, நம்ம ஊர்க்காரர் ஒருவர் போர், சமாதானம், அணுகுண்டு பற்றியெல்லாம் உலகத்தோடு எப்படிப் பேசினார் என்று இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. ராஜாஜியைத்தான் சொல்கிறேன். அவர் பெயரைக் கேட்டதும் குலக்கல்வி, இந்தி, மதுவிலக்கு, ராமாயணம் என்று நாலு விஷயம் நினைவுக்கு வரும். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

பாகலூர்ப் பக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் நுழையும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையைத் தாண்டிக் கீழே போகும் வழியில் தொரப்பள்ளி இருக்கிறது. அங்கே 1878 டிசம்பர் 10-ம் தேதி பிறந்தார் ராஜகோபாலாச்சாரி. அப்பா சக்கரவர்த்தி ஐயங்கார் கிராம முன்சீப். பையன் ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பட்டம், சென்னையில் சட்டம் என்று முடித்து, 1900 வாக்கில் சேலத்தில் வக்கீலாக அமர்ந்தார். நல்ல பிராக்டீஸ். 1917-ல் சேலம் நகரசபைத் தலைவர். 1919-ல் காந்தியைச் சந்தித்தார், வக்கீல் தொழில் போயிற்று. அதற்குப் பின் ஜெயில், திருச்செங்கோடு ஆசிரமம், 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகம், 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர் பதவி. இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நான் வேகமாகத் தாண்டிப் போகிறேன்.

கதை சூடு பிடிப்பது 1939 செப்டம்பரில். ஐரோப்பாவில் போர் மூண்டது. இந்தியாவும் போரில் இறங்கியதாக வைசிராய் லின்லித்கோ ஓர் அறிவிப்பு விட்டார். ஒரு இந்தியத் தலைவரைக்கூடக் கேட்கவில்லை. இறையாண்மை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. யாரோடு சண்டை போடுவது, யாரோடு கூடாது என்று தானே முடிவெடுக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் விஷயம். நமக்கு அன்று இல்லை. காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. ராஜாஜியும் இறங்கினார்.

இறங்கினாரே தவிர சும்மா இருக்கவில்லை. 1940 ஜூலையில், பூனாவில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியில் ஒரு தீர்மானம் நிறைவேற முக்கியக் காரணம் அவர்தான். பிரிட்டன் இந்திய சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு, மத்தியில் ஒரு தேசிய அரசை உடனே அமைக்கட்டும்; பதிலுக்கு நாட்டின் பாதுகாப்பில் காங்கிரஸ் முழுமையாகத் தோள் கொடுக்கும் என்பது அதன் சாரம். இது அகிம்சைக்கு ஒத்து வராது என்று காந்தி விலகி நின்றார். சம்பந்தி என்றும் பார்க்காமல் (அவர் மகள் லட்சுமிதான் காந்தியின் மகன் தேவதாஸின் மனைவி) ராஜாஜி தன் வழியில் நின்றார். பிரிட்டனோ ஆகஸ்டில் வேறு ஏதோ அரைகுறையாகக் கொடுக்க முன்வந்தது. பேரம் முறிந்தது. டிசம்பரில் மறுபடி ஜெயில்.

இந்தப் பூனா விவகாரத்திலேயே அந்த மனுஷரின் முறை தெரிந்துவிடுகிறது. எதிராளிக்கு இப்போது என்ன தேவை, என்ன பயம் என்று முதலில் கணக்குப் போடுவார். நாளைக்குக் கட்டாயத்தில் கொடுக்கப்போவதை இன்றைக்கே கொடுத்தால் பதிலுக்கு ஏதாவது வாங்கலாம் என்று பார்ப்பார். வேலை நிறுத்தம் முடிந்த பிறகு கொடுக்கும் சம்பள உயர்வுக்கும், அதற்கு முன்னால் பேசிக் கொடுக்கும் சம்பள உயர்வுக்கும் உள்ள வித்தியாசம், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நமக்குத் தெரியாததா? தொகை ஒன்றாகவே இருந்தாலும் மறுநாள் காலை ஷிப்டில் முகங்கள் வேறு மாதிரி இருக்கும்.

1942-க்கு வருவோம். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். அதே மாதம் அந்தமான். பர்மாவிலிருந்து தமிழர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்டது. சென்னையில் பீதி. சர்க்கார் அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மிருகக்காட்சி சாலையின் கொடிய மிருகங்கள் தப்பித்து ஊருக்குள் வந்துவிடும் என்று சுட்டுக் கொன்றார்கள். லண்டனிலிருந்து வந்த கிரிப்ஸ் தூதுக்குழுவும் அதே ஏப்ரலில் தோற்றுத் திரும்பியது.

எல்லோரும் ஊரைக் காலி செய்யும் நேரத்தில் ராஜாஜி ஒரு குண்டைப் போட்டார். ஏப்ரல் 23-ல் சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சியைக் கூட்டி, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கை அளவில் ஏற்கலாம், அவர்களோடு சேர்ந்து தேசிய அரசு அமைக்கலாம் என்று தீர்மானம் போட்டார். அவர் கணக்கு இப்படி: எதிரி வாசலில் நிற்கிறான். வீட்டுக்குள் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாதவரை வெள்ளைக்காரன் அதையே சாக்காகச் சொல்லி அதிகாரத்தைக் கொடுக்க மாட்டான். லீகின் பயத்தை முதலில் தீர்த்தால் சாக்கு போய்விடும்.

சில நாளில் அலகாபாத்தில் அகில இந்தியக் கமிட்டி கூடியது. ராஜாஜியின் தீர்மானத்துக்கு ஆதரவாக 15 ஓட்டு, எதிராக 120. காரியக் கமிட்டியிலிருந்து முன்னமே விலகியவர், ஜூலையில் கட்சியையும் சட்டசபைப் பதவியையும் விட்டார். ஊர் ஊராகப் போய்த் தனியாகப் பேசினார். கல்லெறி, கூச்சல். பம்பாய்க் கூட்டத்தில் அவர் மேல் தாரை வீசினார்கள். துரோகி என்ற பட்டம் சுலபமாகக் கிடைத்தது. ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்து நாடே ஜெயிலுக்குப் போனபோது இவர் வெளியே நின்றது இன்னும் கெட்ட பெயரைத் தந்தது.

இத்தோடு விட்டாரா? 1943-ல் காந்தி ஆகாகான் மாளிகைச் சிறையில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது பார்க்கப் போனார். போனவர் நலம் மட்டும் விசாரிக்கவில்லை. ஒரு திட்டத்தையும் காட்டி, காந்தியின் சம்மதத்தையும் வாங்கிவிட்டார்! 1944 ஏப்ரலில் அதை ஜின்னாவிடம் கொடுத்தார். ராஜாஜி திட்டம் என்று சரித்திரத்தில் வருவது இதுதான்.

திட்டத்தின் விவரங்களைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், பார்க்கத் தகுந்தவை. லீக் சுதந்திரக் கோரிக்கையை ஆதரித்து இடைக்கால அரசில் சேர வேண்டும். போர் முடிந்ததும் ஒரு கமிஷன், வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக, ஒட்டியபடி இருக்கும் மாவட்டங்களைக் குறிக்க வேண்டும். பிரிவதா சேர்ந்திருப்பதா என்று அந்த மாவட்டங்களில் வாழும் எல்லா மக்களும் ஓட்டுப் போட வேண்டும். பிரிவதென்று முடிவானால் ராணுவப் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். யாராவது இடம் மாறுவதானால் சொந்த விருப்பத்தில்தான். பிரிட்டன் முழு அதிகாரத்தையும் கைமாற்றினால்தான் இதெல்லாம் செல்லும்.

டிராயிங் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் ஒன்று பளிச்சென்று படும். பிரிப்பதற்கு மட்டும் அவர் வரையவில்லை, பிரிந்த இரண்டு பாகமும் எங்கே ஜாயின்ட் ஆக வேண்டும் என்பதையும் வரைந்திருக்கிறார். எல்லை போட்டால் போதாது, எல்லையின் மேல் என்ன ஒப்பந்தம் ஓடப்போகிறது என்பதுதான் அடுத்த ஐம்பது வருஷத்தைத் தீர்மானிக்கும் என்று அந்த ஓசூர்ப் பள்ளி மாணவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜின்னா ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சாபும் வங்காளமும் அசாமும் முழுசாக வேண்டும். ஓட்டு என்றால் முஸ்லிம்கள் மட்டும் போடட்டும். வெள்ளைக்காரன் போவதற்கு முன்னாலேயே பிரிவினை நடக்கட்டும் என்றார். 1944 செப்டம்பர் 9 முதல் 27 வரை பம்பாயில் ஜின்னா வீட்டில் காந்தியும் ஜின்னாவும் பேசியது இந்தத் திட்டத்தை வைத்துத்தான். கடிதம் கடிதமாகப் போய் வந்தது, ஒன்றும் நடக்கவில்லை.

1947-ல் என்ன நடந்தது என்பது தெரிந்ததே. பஞ்சாபும் வங்காளமும் மாவட்டக் கணக்கில் பிளக்கப்பட்டன. ஏறக்குறைய ராஜாஜி காட்டிய கோடு! ஆனால் எல்லா மக்களின் ஓட்டும் இல்லை, கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இல்லை. விருப்பத்தில் இடம் மாறுவது என்பதற்குப் பதில், கோடிக்கும் மேற்பட்டவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். லட்சக்கணக்கில் செத்தார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே காஷ்மீரில் முதல் போர்.

1944-லேயே ஒத்துக்கொண்டிருந்தால் இத்தனையும் தவிர்ந்திருக்குமா? அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். ஜின்னாவுக்கு அந்தத் திட்டம் போதவில்லை என்பது உண்மை. காந்தியே போய் அவர் வீட்டு வாசலில் நின்றதால் லீகின் மதிப்புத்தான் ஏறியது என்று அன்றைக்கே பல பேர் குறை சொன்னார்கள், அதையும் தள்ளிவிட முடியாது. என் கருத்து வேறு. ராஜதந்திரத்தில் எப்போதும் இரண்டு மேஜை உண்டு. ஒன்று எதிராளியோடு உட்காரும் மேஜை. இன்னொன்று நம்மாட்களோடு உட்காரும் மேஜை. முதல் மேஜையில் ராஜாஜியைப் போல் தயாராக வந்தவர்கள் குறைவு. இரண்டாவது மேஜையில் அவர் உட்காரவே மாட்டார். தான் சரி என்று கண்டுவிட்டால் மற்றவர்களும் கண்டுகொள்ள வேண்டியதுதான் பாக்கி என்பது போல நடந்துகொள்வார்.

இதற்குச் சாட்சி நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்ப்புக் கிளம்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் 1939-ல் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். லீகின் பயத்தை அவ்வளவு நுணுக்கமாகப் புரிந்துகொண்டவர், சொந்த மாகாணத்துப் பிள்ளைகளின் பயத்தைப் புரிந்துகொள்ளவில்லை. 1940-ல் அந்த உத்தரவை ரத்து செய்தது கவர்னர். 1953-ல் கொண்டுவந்த கல்வித் திட்டத்திலும் அதே கதை, மறு வருஷமே முதலமைச்சர் பதவியை விட்டார். ஜின்னாவோடு பேசிய பொறுமையில் கால்வாசி பெரியாரோடும் அண்ணாவோடும் அப்போதே பேசியிருந்தால்... சரி, விடுங்கள். 1965-ல் இந்தியை எதிர்த்தவர்களோடு அவரே நின்றார், 1967-ல் அண்ணாவோடு கூட்டணியும் வைத்தார். எதிராளி சொன்னதைக் கேட்கிற காது அவருக்கு இருந்தது. தாமதமாகத் திறந்தது, அவ்வளவுதான்.

இடையில் வங்காள கவர்னர், 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல், பிறகு உள்துறை மந்திரி. மவுண்ட்பேட்டன் காலி செய்த மாளிகையில் தொரப்பள்ளிக்காரர் குடியிருந்தார் என்பது பெருமைதான். என்றாலும் பதவி எல்லாம் முடிந்த பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1954 மார்ச் 1-ல் அமெரிக்கா பசிபிக் தீவில் ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக வெடித்து, வெகு தூரத்தில் மீன் பிடித்த ஜப்பானியப் படகின் மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. 1961 அக்டோபர் 30-ல் சோவியத் யூனியன் சோதித்த குண்டு சுமார் 50 மெகாடன். ஹிரோஷிமாவில் போட்டதைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். அடுத்த ஏப்ரலில் அமெரிக்காவும் வானில் சோதனைகளைத் திரும்ப ஆரம்பித்தது. நீ அடித்தால் நானும் அடிப்பேன், இருவரும் சாவோம், ஆகையால் யாரும் அடிக்க மாட்டோம் என்ற தத்துவம் அது. பயத்தால் வரும் சமாதானம். கோளாறு என்னவென்றால், ஒருவன் பாதுகாப்புக்காகச் செய்வது அடுத்தவன் கண்ணுக்குத் தாக்குதலின் தயாரிப்பாகத் தெரியும். அவன் கூட்டுவான், இவன் இன்னும் கூட்டுவான். மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வைத்தால் வரும் ஊளைச் சத்தம் போலத்தான். யாராவது ஒருவர் வால்யூமைக் குறைக்கிற வரை நிற்காது.

யாராவது ஒருவர் முதலில் குறையுங்கள் என்பதைத்தான் ராஜாஜி 1950-களின் நடுவிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். மற்றவன் நிறுத்தும்வரை காத்திராமல் தானாக நிறுத்து என்றார். கிழவருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தவர்கள் உண்டு. இதற்குள் 1959-ல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்து நேருவைக் கடுமையாக எதிர்த்துக்கொண்டும் இருந்தார். 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் போனபோது நாடே கொண்டாடியது. ராணுவ பலத்துக்கு எதிராக வாய் திறக்கும் தகுதியை நாம் இழந்துவிட்டோம் என்று எழுதியது அவர்தான். கோவா விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை. பதினாலு வருஷம் பேசிப் பார்த்தும் போர்ச்சுகல் அசையவில்லையே? ஆனால் உலகத்துக்கு ஒரு நியாயம், தன் நாட்டுக்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை என்பதை மறுக்க முடியாது.

1962-ல் காந்தி அமைதி நிறுவனம் டில்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு கூட்டியது. அதன் தொடர்ச்சியாக அமெரிக்காவுக்குப் போன குழுவில் ராஜாஜியோடு ஆர்.ஆர். திவாகரும் பி. சிவராவும் இருந்தார்கள். ராஜாஜிக்கு 83 வயது. அமெரிக்க மண்ணை மிதிப்பது அதுதான் முதல் தடவை. செப்டம்பர் 28-ல் வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார்கள். எதிரே 45 வயது ஜனாதிபதி. இருபத்தைந்து நிமிஷம் ஒதுக்கியிருந்த சந்திப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. கதர் வேட்டி, கைத்தடி, கறுப்புக் கண்ணாடியோடு வந்த முதியவர் வக்கீல் மாதிரி ஒழுங்காக வாதத்தை அடுக்கினார் என்பதும், கென்னடி அதில் மிகவும் ஈர்க்கப்பட்டார் என்பதும் உடனிருந்த தூதர் பி.கே. நேரு மூலம் தெரியவந்தது.

மூன்றே வாரம். அக்டோபர் 16-ல் கியூபா ஏவுகணை நெருக்கடி ஆரம்பித்து, உலகம் அணு யுத்தத்தின் விளிம்பு வரை போய்த் திரும்பியது. அக்டோபர் 20-ல் சீனா நம் எல்லையில் தாக்கியது. அந்தச் சத்தத்தில் ராஜாஜியின் பயணம் பத்திரிகைகளில் அடிபட்டுப் போயிற்று.

1963 ஆகஸ்ட் 5-ல் மாஸ்கோவில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் மூன்றும் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வானில், விண்வெளியில், நீருக்கடியில் சோதனை கூடாது. பூமிக்கடியில் மட்டும் விட்டுவிட்டார்கள். யார் வந்து எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதில் பல வருஷமாகச் சிக்கியிருந்த விவகாரத்தை, சிக்கிய பகுதியை வெட்டித் தனியே வைத்துவிட்டுத் தீர்த்தார்கள். இது ராஜாஜியால் வந்தது என்று நான் எழுதினால் அது ஊர்ப்பற்று, சரித்திரம் ஆகாது. கியூபா தந்த பயம்தான் பெரிய காரணம். இருந்தாலும் ஒப்பந்தத்துக்கு முந்தைய ஜூன் மாதத்தில், மற்ற நாடுகள் வானில் சோதிக்காதவரை அமெரிக்காவும் சோதிக்காது என்று கென்னடி தானாகவே அறிவித்தார். தொரப்பள்ளிக்காரர் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

கென்னடி இன்னொன்றும் செய்தார். இரண்டாவது மேஜையில் உட்கார்ந்தார். டெலிவிஷனில் தோன்றித் தன் மக்களுக்கு விளக்கினார், செனட்டர்களைக் கூப்பிட்டுப் பேசினார். செப்டம்பர் 24-ல் செனட்டில் ஒப்பந்தம் 80-க்கு 19 என்று தேறியது. அலகாபாத்தின் 15-க்கு 120 என்ற கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 1964 ஏப்ரலில், பல வருஷச் சிறைக்குப் பின் ஷேக் அப்துல்லாவை நேரு விடுதலை செய்தார். காஷ்மீர் பற்றி யோசனை கேட்க அப்துல்லா யாரைத் தேடி வந்தார் தெரியுமா? சென்னைக்கு வந்து ராஜாஜியைப் பார்த்தார். இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து பொறுப்பேற்கும் வழி உண்டா என்றெல்லாம் பேசினார்கள். நேருவும் தன்னை ஓயாமல் விமரிசித்த பழைய நண்பரின் யோசனையைத் தள்ளிவிடவில்லை. மே மாதம் அப்துல்லா பாகிஸ்தான் போய் அயூப்கானைச் சந்தித்தார். 27-ம் தேதி முசாபராபாத்தில் இருந்தபோது நேரு இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. பேச்சு அங்கேயே நின்றது. அடுத்த வருஷம் போர்.

ராஜாஜி அந்தப் போரையும் பார்த்தார். 1971 டிசம்பரில் பாகிஸ்தான் இரண்டாகி வங்கதேசம் பிறந்ததையும் பார்த்தார். 1972 டிசம்பர் 25-ல் சென்னையில் காலமானார், வயது 94. இந்தியா பொக்ரானில் தன் முதல் அணுச் சோதனையை நடத்தியது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து, 1974 மே 18-ல்.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டைத் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியிருக்கிறது. சின்ன ஓட்டு வீடு. நாலு வருஷம் இங்கே படித்தும் பார்க்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். ஓசூரிலிருந்து பைக்கில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது.